பாதி வழியில் இறக்கிவிடாதீர்!

சாரல் காலம் வந்துவிட்டால் தென்காசி பஸ் நிலையத்தில் நிற்க இடம் இருக்காது. ஆனி பிறந்து ஆடி முடியும் வரை ஊரே திருவிழாக்கோலம். எண்ணெய் தேய்த்த தலையும், தோளில் துண்டுமாக வெளியூர்க் கூட்டம் குற்றாலம் பஸ்ஸில் முண்டியடித்து ஏறும். பேரருவிக்கு ஒரு கூட்டம், ஐந்தருவிக்கு ஒரு கூட்டம், பழைய குற்றாலத்துக்கு ஒரு கூட்டம்.

அதே பஸ்ஸில், அந்த நெரிசலுக்குள்ளே, புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சில பெண்கள் நிற்பார்கள். அவர்கள் குளிக்க வந்தவர்கள் அல்லர். சுரண்டையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் வருபவர்கள். கூட்டம் அருவியை நோக்கிப் போகும். அவர்கள் கல்லூரி வாசலில் இறங்கிக்கொள்வார்கள்.

அருவிக்குப் போகிற கூட்டத்தைப் பற்றி எழுதாத ஏடில்லை. கல்லூரி வாசலில் இறங்குகிற பெண்ணைப் பற்றி எழுதுவதற்குத்தான் ஆளில்லை. ஆகவேதான் தோழர்களே, இன்று அவளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று எண்ணுகிறேன். அவள் வேறு யாரோ அல்ல. உங்கள் வீட்டுப் பெண்.

குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொடங்கியவர் கோடீசுவரர் அல்லர். கொடைவள்ளல் என்று பட்டம் சூட்டிக்கொண்ட ஆலை அதிபரும் அல்லர். திருக்குற்றாலநாதர் கோவில் சார்பில், அறநிலையத் துறையின் கீழ் எழுந்த கல்லூரி அது. கலையும் அறிவியலும் கற்பிக்கும் கல்லூரி. பெண்களுக்கென்றே அமைந்த கல்லூரி.

1964 என்றால் என்ன காலம்? 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் ஐந்து பெண்களை நிற்கவைத்தால், எழுதப் படிக்கத் தெரிந்தவள் ஏறக்குறைய ஒருத்தி! மற்ற நால்வருக்கும் கைநாட்டு. செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்து அப்போது எட்டே ஆண்டுகள். அது நடந்தது 1956 நவம்பர் 1இல். மேற்கே கணவாய், கிழக்கே கரிசலும் செம்மண்ணும். கல்லூரிப் படிப்பு வேண்டுமென்றால் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் போகவேண்டும். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் கல்லூரி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெண்களுக்குக் கதவு திறந்தது உண்மை. ஆனால் வயதுக்கு வந்த பெண்ணை ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்ப, எந்த உழவன் வீட்டில் துணிவு இருந்தது? எந்த நெசவாளி வீட்டில் காசு இருந்தது?

அந்த நாளில்தான் கல்லூரி வீட்டுப் பக்கத்துக்கே வந்தது.

இதிலே ஒன்றை நாம் மறக்கக் கூடாது. கோவிலுக்கும் பெண்ணுக்கும் இந்த நாட்டில் வேறோர் உறவு இருந்தது. பெண் குழந்தைக்குப் பொட்டுக்கட்டிக் கோவிலுக்கு விட்டுவிடும் கொடுமை, புண்ணியம் என்ற பெயரில் நடந்தது. முத்துலட்சுமி ரெட்டியார் சட்டசபையில் போராடினார். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று போராடினார். ஏச்சும் பேச்சும் கேட்டுத்தான் போராடினார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் அதைத் தடுத்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து, குற்றாலத்தில் ஒரு கோவில் பெண்களுக்காகக் கல்லூரி கட்டுகிறது! பெண்ணைக் காணிக்கையாக வாங்கிய இடம், பெண்ணுக்குக் கல்வியைக் காணிக்கையாகத் தரும் இடமாக மாறியது. இதைவிடப் பெரிய புரட்சி எது? துப்பாக்கி வெடிக்கவில்லை, இரத்தம் சிந்தவில்லை. ஒரு மணி அடித்தது. அது கல்லூரி மணி.

"கோவில் பணத்தில் கல்லூரி எதற்கு?" என்று கேட்கும் கனவான்கள் இன்றும் உண்டு. பழைமையின் பெயரால் கேட்கிறார்கள். சரி, பழைமையையே பார்ப்போம். விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம் என்றோர் ஊர். அங்குள்ள கோவில் சுவரில், இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 340 மாணவர்களுக்குக் கோவில் வருவாயிலிருந்து நெல் அளந்து, ஆசிரியர்களுக்கும் அளந்து, கல்லூரி நடத்திய கணக்கு அதிலே வெட்டப்பட்டிருக்கிறது. ஆக, கோவில் வருவாயில் கல்விச்சாலை நடத்துவது ஆயிரமாண்டுப் பழக்கம்!

அன்று அங்கே கற்பிக்கப்பட்டது வேதமும் வடமொழி இலக்கணமும். அங்கே உட்கார்ந்தவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது யாரும் "கோவில் நெல் கல்விக்கா?" என்று கேட்கவில்லை. இன்று அந்த இடத்தில் இடையர் வீட்டுப் பெண்ணும், பனையேறி வீட்டுப் பெண்ணும், சக்கிலியர் வீட்டுப் பெண்ணும் வந்து உட்கார்ந்தவுடன் கேள்வி பிறக்கிறது. கேள்வி பணத்தைப் பற்றியதா, பலகையில் உட்காருகிறவளைப் பற்றியதா? நீங்களே தீர்ப்பளியுங்கள். 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டமும் கோவிலின் உபரி நிதியைக் கல்விக்குச் செலவிட வகை வைத்திருக்கிறது. பழனியிலும் பூம்புகாரிலும் அப்படித்தான் கல்லூரிகள் எழுந்தன.

இனி அந்தப் பெண்ணிடம் வருவோம்.

தென்காசிச் சீமையில் பீடி சுற்றாத தெரு குறைவு. வீட்டுத் திண்ணையில் அம்மா உட்கார்ந்திருப்பாள். மடியிலே சொளகு, அதிலே நனைத்து நறுக்கிய இலை, புகையிலைத் தூள், நூல். விரல் நிற்காது, பேச்சு நடக்கும், சுற்றும் நடக்கும். மகள் பள்ளி விட்டு வந்தால் அவளும் பக்கத்தில் உட்காருவாள். ஆயிரம் எண்ணிக்கை முடிந்தால்தான் மறுநாள் அரிசி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணுக்கு முன் இரண்டு வழி: ஒன்று சொளகு, இன்னொன்று கல்யாணம். பல வீடுகளில் இரண்டும் ஒன்றாகவே வரும்.

மூன்றாவது வழியைக் காட்டியது கல்லூரி. ஆனால் அந்த வழியில் நடப்பது எளிதா? விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து, அம்மாவுக்கு ஒரு கட்டு இலை நறுக்கிக் கொடுத்துவிட்டு, பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடவேண்டும். வகுப்பில் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள் முதல் மாதம் மருண்டு போகிறாள். நல்ல ஆசிரியை ஒருத்தி கிடைத்தால், ஆங்கிலத்தில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொல்லித் தேற்றுகிறாள். மனத்தில் பதிந்தது தமிழில்; தாளில் எழுதுவது ஆங்கிலத்தில். இந்த இரட்டைச் சுமையைச் சுமந்துதான் நம் பெண் பட்டதாரியாகிறாள். மாலை வீடு திரும்பினால் மறுபடியும் சொளகு. படிப்பு இரவு பத்து மணிக்கு மேல்.

அப்படியிருந்தும் வென்றிருக்கிறார்கள், தோழர்களே! 2011ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 73 பேருக்கு மேல். 2021-22ஆம் ஆண்டுக் கணக்கில், உயர்கல்வி வயதில் இருப்போரில் கல்லூரிப் படிப்பில் சேர்ந்தோர் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 28, தமிழ்நாட்டில் 47. இந்த 47 மேலிருந்து விழுந்த மழை அல்ல. காமராசர் காலத்து மதிய உணவும், இட ஒதுக்கீட்டு உரிமையும், ஊர்தோறும் எழுந்த கல்லூரியும், அம்மாமார்களின் விரல் தேய்ந்த உழைப்பும் சேர்ந்து உண்டாக்கிய எண் அது. 2021இல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2022 செப்டம்பர் 5இல், அந்த மூவலூர் அம்மையாரின் பெயரால், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற திட்டம் தொடங்கியது. ஆயிரம் ரூபாய் சீமான் வீட்டில் ஒரு மாலைச் செலவு. சொளகு வீட்டில் அது ஒரு பெண்ணைக் கல்லூரியில் நிறுத்திவைக்கும் முளைக்குச்சி.

இங்கே நிறுத்திவிட்டால் கதை இனிக்கும். ஆனால் கதை இங்கே முடியவில்லை.

பட்டம் வாங்குவதோடு கல்லூரியின் வேலை முடிந்துவிட்டதா? கல்லூரி என்பது பட்டத்தாள் அச்சடிக்கும் இயந்திரமா? இல்லை. கற்றதைக் கொண்டு, யாரும் இதுவரை காணாத ஒன்றைக் காண்பதுதான் ஆராய்ச்சி. "ஏன்?" என்று கேட்பது, கேட்டுவிட்டு விடை வரும் வரை விடாமல் இருப்பது. அது பெரிய மனிதர்களுக்கு மட்டும் உரிய வேலை என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். சுத்தப் பொய்!

1830களில் இராபர்ட் வைட் என்ற வெள்ளைக்கார மருத்துவர் குற்றால மலையில் செடிகொடிகளைச் சேகரித்தார். தென்னாட்டுத் தாவரங்களைப் பற்றிப் பெரும் பெரும் நூல்களை வெளியிட்டார். தாவரவியல் உலகம் அவரைப் போற்றுகிறது, போற்றட்டும். ஆனால் அந்த நூல்களின் படங்களை வரைந்தவர்கள் யார்? இரங்கையா, கோவிந்து என்ற இந்நாட்டு ஓவியர்கள். இலையின் நரம்பையும் பூவின் சூலையும் கண்ணால் அளந்து கையால் வரைந்தவர்கள் அவர்கள். பெயர் வெள்ளைக்காரருக்கு, கைவேலை நம்மவருக்கு! அந்த மலை இன்றும் அங்கேதான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை 2012இல் உலகப் பாரம்பரியச் சொத்து என்று ஐ.நா. கல்வி, பண்பாட்டு அமைப்பு அறிவித்தது. அந்த மலையடிவாரத்தில் பிறந்த பெண், அதன் செடிக்குப் பெயரிட வேண்டாமா? இதே மாவட்டத்து ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இருக்கிறது. வழி தூரமில்லை, போய்ச் சேர ஏணிதான் வேண்டும்.

ஆராய்ச்சி சோறு போடுமா என்று கேட்பீர்கள். 2024 மே 17 நினைவிருக்கிறதா? பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. கண் இமைக்கும் நேரத்தில் மக்கள் சிதறி ஓடினர். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். மலைமேல் எவ்வளவு மழை பெய்தால், எவ்வளவு நேரத்தில், கீழே எவ்வளவு வெள்ளம் வரும்? இதைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் ஆராய்ச்சி. இது புவியியலும் இயற்பியலும் கணிதமும் சேர்ந்து செய்யும் வேலை. சரியாகச் செய்து, உரிய நேரத்தில் சங்கு ஊதினால், ஒரு தாயின் மடி காலியாகாது. இதற்கு மேலும் பயன் சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. புகையிலைத் தூள், பீடி குடிப்பவனை மட்டும் அல்ல, பீடி சுற்றுகிறவளையும் தாக்குகிறது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நஞ்சு உடலில் சேர்கிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. அம்மாவின் இருமலுக்குக் காரணம் விதியல்ல, வேதியியல். அதைக் கண்டுபிடித்து, மாற்றுத் தொழிலுக்குக் கணக்குப் போட்டு, சர்க்காரிடம் தாளோடு நின்று வாதாட அந்த அம்மாவின் மகளைவிடத் தகுந்தவர் யார்? குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில்தான் அந்த ஊர். அந்தப் பாட்டிலே வரும் குறத்தியின் வழிவந்த மலைமக்கள் எப்படி வாழ்ந்தார்கள், நிலம் யாருக்குப் போயிற்று என்று வரலாற்றுத் துறைப் பெண் கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டும். ஆனால் கேட்கும் முன்பே அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப் பார்க்கிறார்கள்.

2020இல் டில்லி ஒரு புதிய கல்விக் கொள்கையை வெளியிட்டது. அதன்படி கல்லூரியில் ஓராண்டு படித்து வெளியேறினால் ஒரு சான்றிதழ், இரண்டாண்டில் வெளியேறினால் ஒரு டிப்ளமா, மூன்றாண்டில் பட்டம், நான்காண்டு இருந்தால் ஆராய்ச்சியோடு கூடிய பட்டம். "விரும்பிய இடத்தில் இறங்கிக்கொள்ளலாம், விரும்பினால் மறுபடியும் ஏறிக்கொள்ளலாம்" என்று தேன் தடவிச் சொல்கிறார்கள். காதுக்கு இனிமைதான். ஆனால் யார் இறங்குவார்கள்? மருத்துவர் வீட்டுப் பிள்ளையா? வக்கீல் வீட்டுப் பிள்ளையா? அவர்கள் கடைசி நிறுத்தம் வரை போவார்கள். ஓராண்டுச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்குகிறவள் சொளகு வீட்டுப் பெண்தான். "ஒரு தாள் வந்துவிட்டதே, போதாதா? மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள்" என்று சொல்ல வீட்டில் நாலு பேர் இருப்பார்கள். இறங்கியவள் மறுபடியும் ஏறியதாக நம் ஊரில் எத்தனை கதை உண்டு? படிப்பை விட்டுப் போவதற்கு முன்பு ஒரு கூச்சமாவது இருந்தது. இனி அதற்கும் சான்றிதழ்!

2022 நவம்பரில் எம்.பில். பட்டத்தை எடுத்துவிட்டார்கள். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே அது ஒரு படிக்கட்டு. கல்யாணமான பெண்களும், கைக்குழந்தைக்காரிகளும் ஓராண்டு உழைத்து ஏறிய படிக்கட்டு. "உலகத்தில் எங்கும் இல்லை" என்பது ஒரு வாதம். உலகத்தில் எங்கும் சொளகும் இல்லையே! அதே ஆண்டு டிசம்பரில், சிறுபான்மையினரின் ஆராய்ச்சிக்காக இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். கடையநல்லூரிலும் தென்காசியிலும் முக்காடிட்டுக் கல்லூரிக்கு வரும் இசுலாமியப் பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்?

உதவித்தொகைக்கு நெட் தேர்வு எழுதலாமே என்பார்கள். எழுதலாம். மொழிப் பாடங்களைத் தவிர மற்றவற்றுக்கு வினாத்தாள் எந்த மொழியில் வருகிறது? ஆங்கிலத்தில், இந்தியில். இந்தி பேசும் ஊரில் பிறந்தவள் தாய்மொழியில் படித்துத் தேர்வு எழுதுகிறாள். தென்காசியில் பிறந்தவள் அயல்மொழியில் எழுதுகிறாள். ஓட்டப்பந்தயம் ஒன்றுதான், ஒருத்தி காலில் மட்டும் கல்லைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு தகுதி, திறமை என்று பேசுகிறார்கள்! 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. பீடிமீது விதித்த தீர்வையிலிருந்து தொழிலாளியின் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் பணம் வந்தது. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வை எடுபட்டது. உழைத்தவன் பெயரால் இருந்த ஊற்றை அடைத்துவிட்டு, பிச்சைப் பாத்திரத்தை நீட்டச் சொல்கிறார்கள்.

டில்லியைச் சாடிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. நம் வீட்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கல்லூரிகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடப்பதும், தற்காலிக விரிவுரையாளர்களைக் கொண்டு ஓட்டுவதும் நல்லதல்ல. மாதம் ஐம்பதாயிரம் வரை கொடுக்கலாம் என்று 2019இலேயே பல்கலைக்கழக மானியக் குழு வகுத்தது. அதில் பாதியை வாங்குவதற்கே அவர்கள் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. முனைவர் பட்டம் பெற்றவர் மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் முகத்தைப் பார்க்க அஞ்சினால், அவரைப் பார்த்து எந்த மாணவி ஆராய்ச்சிக்கு வருவாள்? அரசு உதவி பெறும் கல்லூரியிலேயே சுயநிதி வகுப்பு என்று ஒரு பக்கம் தனிக் கட்டணம் வாங்குவதும் அதே கதைதான். ஒரே கூரை, ஒரே மணி, இரண்டு விலை! இதைச் சொல்ல நமக்குத் தயக்கம் வேண்டாம். யார் ஆண்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்வதுதான் தொண்டனின் கடமை.

கடைசியாக, தோழர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். மேடையிலே பெண்ணுரிமை பேசுகிறோம். கைதட்டுகிறோம். வீட்டுக்குப் போனதும் மகளிடம், "பட்டம் வாங்கியாச்சே, இனி எதுக்கு?" என்று கேட்கிறோமா இல்லையா? மகன் மேலே படிக்கிறேன் என்றால் கடன் வாங்குகிறோம். மகள் கேட்டால் கணக்குப் பார்க்கிறோம். டில்லி வைத்த வாசல் பெரிதா, நம் வீட்டுத் திண்ணையில் நாமே வைத்த வாசல் பெரிதா?

கிளைக் கூட்டங்களில் இனி இதையும் பேசுங்கள். உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் எத்தனை, கல்லூரியில் சேர்ந்தவர் எத்தனை, இடையில் நின்றவர் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நின்றவள் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேளுங்கள். கட்டணமா, பஸ்ஸா, கல்யாணமா? காரணம் தெரிந்தால் வழி பிறக்கும். உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். முதுகலை முடித்தவளுக்கு ஆராய்ச்சிக்கு எங்கே போகவேண்டும் என்று விசாரித்துச் சொல்லுங்கள். ஆசிரியர் இடம் காலி என்றால் மனுக் கொடுங்கள். மனு பலிக்காவிட்டால் கொடி பிடியுங்கள். கொடிக்கம்பம் நடுவது போலவே இதுவும் கட்சி வேலைதான்.

அடுத்த சாரலுக்கும் குற்றாலம் பஸ்ஸில் கூட்டம் இருக்கும். புத்தகப் பையோடு நிற்கும் அந்தப் பெண்ணைப் பார்த்தால், எழுந்து உங்கள் இடத்தைக் கொடுங்கள். அவள் போகவேண்டிய தூரம் அதிகம். கண்டக்டர் டில்லிக்காரராக இருந்தாலும், நம் ஊர்க்காரராக இருந்தாலும், ஏன், பெற்ற தகப்பனாகவே இருந்தாலும், அவளைப் பாதி வழியில் இறக்கிவிடாதீர்!